ராபினின் உயிர் 36.50 டாலர்

ஒரு கதாபாத்திரம் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களிடமே ஓட்டு கேட்ட காமிக்ஸ் ஒன்று உண்டு. டிசி நிறுவனத்தின் 'பேட்மேன்' மாத இதழ், எண் 427. வருடம் 1988. கதையின் முடிவில் ஜோக்கர் வைத்த குண்டு வெடிக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது ராபின். இதழிலேயே இரண்டு போன் நம்பர்கள் கொடுத்திருந்தார்கள். ஒன்றுக்கு அழைத்தால் ராபின் பிழைக்க ஓட்டு, இன்னொன்றுக்கு அழைத்தால் சாக ஓட்டு. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். செப்டம்பர் 15, 16 தேதிகளில் சுமார் ஒன்றரை நாள் லைன் திறந்திருந்தது.

சாகட்டும் என்றவை 5,343 ஓட்டு. பிழைக்கட்டும் என்றவை 5,271. வித்தியாசம் வெறும் 72.

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் கதைதான் இது. ஆனால் பெரும்பாலும் 72 என்ற எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த ஓட்டு 10,614. அதில் 72 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. 37 ஓட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் ராபின் பிழைத்திருப்பான். அதைவிட முக்கியம், ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம். அப்படியென்றால் முடிவை மாற்ற 37 பேர்கூடத் தேவையில்லை. ஒரே ஒருத்தர் 73 தடவை கூடுதலாகப் போன் போட்டிருந்தால் போதும். செலவு 36 டாலர் 50 சென்ட்.

அப்படி ஒருவர் எதிர்த் திசையில் செய்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஒரு வழக்கறிஞர் தன் மெக்கின்டாஷ் கணினியை வைத்து, விட்டு விட்டுத் தானாகவே டயல் செய்யும்படி புரோகிராம் எழுதி ராபினைக் கொன்றதாகத் தான் கேள்விப்பட்டதை, அப்போதைய ஆசிரியர் டென்னி ஓ'நீல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உண்மையோ வதந்தியோ, என்னைப் போல மென்பொருள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கட்டுப்பாடு இல்லாத எந்தக் கருத்துக்கணிப்புக்கும் நடப்பது இதுதானே.

ஆனால் என் கேள்வி ஓட்டு நியாயமாக நடந்ததா என்பதல்ல. வாசகர் கருத்தை அறிய இது சரியான கருவியா என்பதுதான். ஏனென்றால் அமெரிக்க மாத காமிக்ஸுக்கு அதைவிட நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. வாசகர் கடிதப் பக்கம்.

1960களின் தொடக்கத்தில் டிசி ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட ஆரம்பித்தார். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1961ல் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற பேராசிரியர், பின்னர் பள்ளி ஆசிரியரான ராய் தாமஸின் துணையோடு 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். அமெரிக்க காமிக்ஸ் ரசிகர் உலகம் திரண்டதில் இந்த முகவரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

மார்வெலில் ஸ்டான் லீ வேறு மாதிரி விளையாடினார். கதையில் இருக்கும் தப்பைக் கண்டுபிடித்து, அது ஏன் தப்பே இல்லை என்று விளக்கமும் எழுதி அனுப்பும் வாசகருக்கு 'நோ-ப்ரைஸ்' என்று ஒரு பரிசு. வீட்டுக்குக் கவர் வரும். திறந்தால் காலி! எங்கள் தொழிலில் பிழையை மட்டும் சொல்பவர்கள் நிறைய, அதற்கான திருத்தத்தையும் சேர்த்து அனுப்புபவர்கள் அபூர்வம். காலிக் கவரை வைத்தே லீ இரண்டாவது வகை ஆட்களை உருவாக்கிவிட்டார்.

இந்தப் பக்கத்தின் பலம் எங்கே தெரிகிறது என்றால், இன்னொரு சாவில். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121, அட்டையில் ஜூன் 1973. ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியை வில்லன் கிரீன் காப்ளின் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்துப் பார்த்தால் அவள் செத்துக்கிடக்கிறாள். படத்தில் அவள் கழுத்தருகே சின்னதாக ஒரு முறியும் சத்தம், எழுத்தில். அப்படியென்றால் கொன்றது யார்? தள்ளிவிட்டவனா, காப்பாற்றப் போனவனா?

விவாதம் கிளம்பியது. நாலு மாதம் கழித்து, அக்டோபர் இதழான 125ன் கடிதப் பக்கத்தில் பதில் வந்தது. விழுந்துகொண்டிருந்தவளை வலை திடீரென்று நிறுத்தியதால் ஏற்பட்ட அதிர்ச்சிதான் உயிரைப் பறித்தது என்று. பதில் எழுதியவர் அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்த ராய் தாமஸ். ஆமாம், அதே பள்ளி ஆசிரியர். கடிதம் எழுதிக்கொண்டிருந்த வாசகர், கடிதங்களுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கணக்கும் ஒத்துவருகிறது. 90 மீட்டர் விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டால், வேகம் மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர். அதை அரை நொடியில் நிறுத்தினால் உடல் தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அதுவும் காலைப் பிடித்து நிறுத்தினால் கழுத்தின் கதி? மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்தக் காட்சியை வைத்துப் பாடமே நடத்தியிருக்கிறார்.

இப்போது ராபினுக்குத் திரும்புவோம். செத்தவன் முதல் ராபின் இல்லை, இரண்டாவது ராபினான ஜேசன் டாட். 1987ல் அவன் பூர்வகதையைத் திருத்தி எழுதினார்கள். பேட்மேன் காரின் டயரைத் திருடும் தெருப்பையன், கோபக்காரன், சொன்ன பேச்சு கேட்காதவன். பலருக்குப் பிடிக்கவில்லை. அது ஓ'நீலுக்கும் தெரியும். ஆனால் 'பிடிக்கவில்லை' என்பதற்குள் எத்தனை அர்த்தம் இருக்கிறது பாருங்கள். பையனையே பிடிக்கவில்லையா? பழைய ராபினின் இடத்தில் வேறொருவன் வந்தது பிடிக்கவில்லையா? அவனை எழுதிய விதம் பிடிக்கவில்லையா? கடிதத்தில் இதையெல்லாம் எழுதலாம். போன் லைனில் இருந்ததோ இரண்டே நம்பர். 'இவனை நன்றாக எழுதுங்கள்' என்று சொல்ல மூன்றாவது நம்பர் கிடையாது.

அந்த மூன்றாவது நம்பருக்கு நிறைய ஓட்டு விழுந்திருக்கும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2005ல் எழுத்தாளர் ஜட் வினிக், ஜேசனை 'ரெட் ஹுட்' ஆக உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். குணம் மாறவில்லை. அதே கோபம், அதே அடங்காமை. இன்று அவனுக்குப் பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது. எந்தக் குணத்துக்காக 5,343 ஓட்டு விழுந்ததோ, அந்தக் குணம்தான் இன்று அவன் முதலீடு. பிழைத்திருந்தால் என்று வரைந்து வைத்திருந்த பக்கங்களைக்கூட 2023 டிசம்பரில் இதழாகவே டிசி விற்றுவிட்டது.

டிசி தன் கடிதப் பக்கங்களை 2002ல் நிறுத்தியது. இணையம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்பதுதான் காரணம். இன்று புதன்கிழமை காலை கடைக்கு வரும் இதழுக்கு மத்தியானத்துக்குள் நட்சத்திரக் குறி விழுந்துவிடுகிறது. பத்துக்கு ஆறு, பத்துக்கு எட்டு. அதுவும் ஒருவகையில் 1988ன் போன் நம்பர்தான், 50 சென்ட் மட்டும் மிச்சம். எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்பதை அந்த எண் சொல்லிவிடும். க்வென் எப்படிச் செத்தாள் என்று உட்கார்ந்து யோசித்துக் கடிதம் எழுத வைத்த கேள்விக்கு அதில் இடம் இல்லை.