வார்டை விட்டு வெளியே வந்த வைத்தியம்

குடியை நிறுத்த மருத்துவமனையில் சேருகிறவர், வார்டில் இருக்கும் வரை குடிப்பதில்லை. வீடு திரும்பிய சில நாட்களில் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார். உலகம் முழுக்க உள்ள கதை இது. அப்படியானால் வைத்தியம் தேவைப்படுவது வார்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் நேதன் அஸ்ரின். ஹார்வர்டில் பி.எஃப். ஸ்கின்னரிடம் படித்த உளவியலாளர். பலன் கிடைக்கிற செயலை மனிதன் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பது ஸ்கின்னர் வழி வந்தவர்களின் அடிப்படைப் பாடம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அன்னா என்ற சின்ன ஊரின் அரசு மனநல மருத்துவமனையில் அஸ்ரின் வேலை பார்த்தார். 1960களில் அங்கே டியோடோரோ அய்லானுடன் சேர்ந்து ஒரு டோக்கன் முறையைக் கொண்டுவந்தார். வேலை செய்யும் நோயாளிக்கு டோக்கன், டோக்கனுக்குப் பிடித்த பொருள். வார்டுக்குள்ளேயே ஒரு குட்டிப் பொருளாதாரம்!

ஆனால் குடிநோயாளியின் சிக்கல் வார்டுக்கு வெளியே அல்லவா இருக்கிறது? எனவே ஜார்ஜ் ஹன்ட் என்பவருடன் சேர்ந்து அஸ்ரின் இன்னொரு முறையைச் சோதித்தார். 1973ல் வெளியான அந்த ஆய்வில் 16 பேர்தான் இருந்தார்கள். எட்டுப் பேருக்கு மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை மட்டும். மற்ற எட்டுப் பேருக்கு அதோடு புதிய முறையும் உண்டு.

புதிய முறையில் என்ன செய்தார்கள்? வேலை இல்லாதவருக்கு வேலை தேடக் கற்றுக்கொடுத்தார்கள். கணவன் மனைவியை உட்காரவைத்துப் பேசினார்கள். வீட்டுக்கு டெலிபோன், ரேடியோ, செய்தித்தாள் வர வழி செய்தார்கள். குடும்பமே இல்லாதவருக்கு, உறவினரோ வேலை கொடுத்தவரோ அடிக்கடி சாப்பிடக் கூப்பிடும்படி ஒரு 'வளர்ப்புக் குடும்பம்' ஏற்பாடானது. பழைய மதுக்கடை ஒன்று மது இல்லாத கிளப்பாக மாறியது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: குடித்தால் இவை கிடைக்காது. குடிக்காத வாழ்க்கை குடிக்கிற வாழ்க்கையை விட லாபமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இதற்கு 'கம்யூனிட்டி ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்று பெயர். சுற்றியுள்ள சமூகமே ஊக்கம் தருகிற முறை என்று சொல்லலாம்.

ஆறு மாதம் கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 79 சதவீத நாட்கள் குடித்திருந்தார்கள். புதிய முறையில் இருந்தவர்கள் 14 சதவீத நாட்கள்தான். வேலையில்லாமல் கழிந்த நாட்கள் 62 சதவீதத்துக்கு எதிராக வெறும் 5 சதவீதம்.

அடுத்த கட்டம் 1982ல் வந்தது. இம்முறை மருத்துவமனையில் சேராமல், கிராமப்புற கிளினிக்குக்கு வந்து போகும் நோயாளிகள் 43 பேர். டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடம்பு படாதபாடு படும். அதை வாங்கிச் செல்கிறவர்கள் சாப்பிடாமல் விட்டுவிடுவதுதான் பிரச்சினை. எனவே, தினமும் மனைவியோ நண்பரோ பார்க்கும்போதே மாத்திரையைச் சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இதில் ஒரு முக்கியமான விஷயம் தெரிய வந்தது. திருமணமானவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது. தனியாக வாழ்ந்தவர்களுக்கோ வேலை, நட்பு, பொழுதுபோக்கு என்று முழு முறையும் தேவைப்பட்டது. யாருமில்லாதவருக்குத்தான் ஊர் அதிகமாகத் தேவை!

இத்தனை நல்ல முறை நாடெங்கும் பரவியிருக்க வேண்டும் தானே? பரவவில்லை. 1995ல் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் குடிநோய்ச் சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டித் தரவரிசைப்படுத்தினார்கள். அஸ்ரினின் முறை மேல்வரிசையில் இருந்தது. சிகிச்சை மையங்கள் தினசரி நம்பியிருந்த சொற்பொழிவும் திரைப்படமும் கடைசி வரிசையில் கிடந்தன. 1998ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், ஆய்வுக்கும் ஊர்களில் நடக்கும் சிகிச்சைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது.

ஆலோசகர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினால் இடைவெளி மூடிவிடும் என்று தோன்றலாம். அதையும் மில்லர் குழு சோதித்தது. நோயாளியின் வாயாலேயே மாறும் ஆசையை வரவழைக்கும் உரையாடல் முறை ஒன்று உண்டு. அதில் 140 சிகிச்சையாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2004ல் வெளிவந்தது. பட்டறையோடு விட்டவர்களிடம் கற்ற திறமை நிலைக்கவில்லை. அவர்கள் பேசியதைக் கேட்டு, குறை நிறை சொல்லி, தொடர்ந்து வழிகாட்டியபோதுதான் நிலைத்தது.

இன்னொரு சுவர், சிகிச்சைக்கே வர மறுக்கும் குடிநோயாளி. இங்கே அஸ்ரினோடு பணியாற்றிய ராபர்ட் மேயர்ஸ் வேறு வாசலைத் திறந்தார். குடிப்பவர் வராவிட்டால் என்ன, அவர் வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்போம்! குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்துவிட்டுச் செய்ததன் விளைவை மூடி மறைக்காமல் விடுவது, சிகிச்சைக்குக் கூப்பிட நல்ல நேரம் பார்ப்பது ஆகியவை அந்தப் பாடங்கள். மில்லரும் மேயர்ஸும் 130 குடும்பத்தினரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1999ல் வெளியானது. இப்படிக் கற்றவர்களின் வீடுகளில் 64 சதவீதம் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி எதிரே நின்று கண்டிக்கும் முறையில் இது 30 சதவீதம்தான்.

சரி, போதுமான டாக்டர்களோ உளவியலாளர்களோ இல்லாத நாடுகள் என்ன செய்வது? கோவாவில் விக்ரம் படேல், அபிஜித் நட்கர்னி குழுவினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மனநலப் படிப்பு எதுவும் படிக்காத சாதாரண மனிதர்கள். பயிற்சி கொடுத்து, தொடர்ந்து கண்காணித்தார்கள். அதிகபட்சம் நான்கு சந்திப்புகள். 2017ல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் இந்த ஆலோசனை பெற்ற ஆண்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பில் அது 26 சதவீதம். ஒரு வருடம் கழித்தும் பலன் நீடித்தது. இவர்கள் குடிக்கு முழுதும் அடிமையாவதற்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்னாவிலிருந்து கோவா வரை சுமார் 45 ஆண்டுகள். இந்தக் காலத்தில் பெரிய பற்றாக்குறை மருந்தில் இல்லை, முறையிலும் இல்லை. கண்டுபிடித்ததை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில்தான் இருந்தது. அந்த வேலைக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பயிற்சி பெற்ற மனிதர்களும், அவர்களை விடாமல் கவனித்துத் திருத்துகிற ஏற்பாடும், குடியை விட்டு வருகிறவருக்கு ஒரு வேலையும், சாப்பிடக் கூப்பிட ஒரு வீடும் தேவை.