சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

ஜார்ஜ்டவுன் – வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வருவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முக்கிய அறிகுறி. ஒருமுறை வந்து, தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. ‘உடல் சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுவோர் சிகிச்சைக்கான நல்ல காலத்தை இழக்கிறார்கள். புகைபிடிப்போருக்கும், சாயம், ரப்பர் தொழிற்சாலைகளில் சில இரசாயனங்களோடு பல்லாண்டு வேலை செய்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அல்ட்ராசவுண்ட்: பெரும்பாலும் முதலில் எடுக்கப்படுவது. கதிர்வீச்சு இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். சிறிய கட்டிகள் இதில் தெரியாமல் போகலாம். ஆகவே, ‘ஸ்கேன் நார்மல்’ என்பது நோய் இல்லை என்பதற்கு உறுதி அல்ல.

சிடி ஸ்கேன்: நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கப்படும். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றையும் ஒருசேரக் காட்டும்; நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியுள்ளதா என்றும் பார்க்கலாம். ஏற்றப்படும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னதாக இரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மெட்ஃபோர்மின் சாப்பிடும் நீரிழிவு நோயாளிகளும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

எம்ஆர்ஐ: கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கியதா என்பதைக் கணிக்க உதவும். இதற்காக 2018-இல் வை-ராட்ஸ் எனும் 1 முதல் 5 வரையிலான மதிப்பீட்டு முறை வந்தது. எண் கூடக் கூட, தசையைத் தொட்டிருக்கும் வாய்ப்பும் கூடும். தசையைத் தொடாத கட்டியைப் பொதுவாகச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்துவார்கள். தொட்டுவிட்டால், சிறுநீர்ப்பையையே அகற்றும் அறுவை சிகிச்சையோ கதிரியக்க சிகிச்சையோ தேவைப்படலாம்.

எந்த ஸ்கேனும் முடிவான தீர்ப்பு அல்ல. சிறுநீர்த் துவாரம் வழியாகக் கேமரா செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் திசுப் பரிசோதனையுமே நோயை உறுதிசெய்யும். சிகிச்சைக்குப் பின்னரும் இந்நோய் திரும்ப வரும் தன்மையுடையது; கண்காணிப்பை நடுவில் விட்டுவிடக்கூடாது.

பினாங்கு மக்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். முன்னைய படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெளிவாகத் தெரியும்.