பேருந்தின் இரு பணியாளர்: இளமையும் இதய நலமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாரடைப்பு முதுமையின் நோய் என்பது பலர் எண்ணம். அது வெளிப்படுங் காலம் பெரும்பாலும் நடுவயதும் முதுமையுமே. ஆயினும் அதன் தொடக்கம் இளமையிலேயே உண்டு என்பதும், உடலுழைப்பின்மை அதனை வளர்க்கும் என்பதும் மருத்துவ அறிஞர் ஆய்ந்து கண்ட உண்மைகள். இவ்விரண்டிற்கும் உரிய சிறந்த சான்றுகள் 1953ஆம் ஆண்டில் வெவ்வேறு நாட்டினரால் வெளியிடப்பெற்றன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

முதற்சான்று இலண்டன் மாநகரினது. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், அந்நகரப் போக்குவரத்துப் பணியாளருள் 35 முதல் 64 அகவை வரையுள்ள ஏறத்தாழ 31,000 ஆடவரின் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்தார். ஈரடுக்குப் பேருந்தில் அந்நாளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒருங்கே பணிபுரிந்தனர். வண்டி ஒன்று, தெரு ஒன்று. ஆயின் ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியும் அமர்ந்தே இருந்தனர். நடத்துநரோ சீட்டுக் கொடுக்கும்பொருட்டு நாள்தோறும் 500க்குக் குறையாத படிகளை ஏறினர். இதயத் தமனி நோய் ஆண்டொன்றுக்கு ஓட்டுநர் 1,000 பேருக்கு 2.7 எனவும், நடத்துநர் 1,000 பேருக்கு 1.9 எனவும் காணப்பட்டது. நடத்துநர்க்கு வந்த நோயும் கடுமை குறைந்ததாய் இருந்தது.

ஈண்டு ஒரு தடை எழும். இயல்பிலேயே பருத்த உடலினர் ஓட்டுநர் பணியை நாடினர் எனின், நோய்க்குக் காரணம் இருக்கையா, இயல்பா? இத்தடையை மாரிஸ் மறைத்திலர். சீருடை அளவுப் பதிவேடுகளை ஆராய்ந்து, ஓட்டுநரின் இடைச்சுற்றளவே மிகுதி என 1956இல் வெளியிட்டார். தம் கொள்கைக்கு இடையூறாகுஞ் சான்றைத் தாமே முன்வைத்த இந்நேர்மை, இலக்கிய ஆய்வாளரும் கைக்கொள்ளத்தக்கது.

தடைக்கு விடை 1978இல் கிடைத்தது. ரால்ப் பாபன்பர்கர் என்னும் அமெரிக்க அறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பழைய மாணவர் 16,936 பேரைப் பற்றிய ஆய்வினை அவ்வாண்டு வெளியிட்டார். கல்லூரி நாளில் விளையாட்டு வீரராய் விளங்கிப் பின்னர் உழைப்பொழிந்தோர்க்கு அவ்விளமை வலிமை காப்பாகவில்லை. அந்நாளில் விளையாடாது பின்னர் உடற்பயிற்சி மேற்கொண்டோர் நற்பயன் பெற்றனர். இயல்பே காரணமாயின், வீரராயிருந்தோர் என்றும் காப்புடையராதல் வேண்டுமன்றோ? எனவே, உடலுழைப்பின் பயன் சேமித்து வைக்கும் பொருளன்று. தொடர்ந்து ஈட்டப்படுவது என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் இளமையைக் கருதுவானேன் எனின், அதற்கு இரண்டாஞ்சான்று விடை தரும். கொரியப் போரில் மடிந்த அமெரிக்க வீரர் 300 பேரின் இதயங்களை அறுத்தாய்ந்த மருத்துவர், 1953இல் தம் முடிபை வெளியிட்டனர். அவ்வீரரின் சராசரி அகவை 22. எனினும் 100க்கு 77 பேரின் தமனிகளில் நோயின் அடையாளம் கண்ணுக்குப் புலனாயிற்று. போர்ப்பயிற்சி பெற்றோரிடத்தும் இது காணப்பட்டமையின், உழைப்பு ஒன்றே முழுக்காப்பாகாது என்பதும் ஓர்க.

பின்னர், லூயிசியானா மாநிலத்துப் போகலூசா என்னும் ஊரில் நிகழ்ந்த நெடிய ஆய்வு இதனை மேலும் விளக்கிற்று. 2 முதல் 39 அகவைக்குள் இறந்த 204 பேரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிபின்படி, உடற்பருமன், குருதியழுத்தம், குருதிக்கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய தீக்கூறுகள் ஒருவரிடம் எத்துணைப் பல்கினவோ, அத்துணைத் தமனிப் படிவும் பல்கியது. இவற்றுள் முதல் மூன்றும் உடலுழைப்பால் சீர்ப்படுவன. இயங்குந் தசை இன்சுலின் துணையின்றியும் குருதியின் சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். ஆகலின் நீரிழிவைத் தடுத்தற்கும் உழைப்பு உதவும்.

5 முதல் 17 அகவையினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்குதல் வேண்டும் எனவும், அமர்ந்திருக்கும் பொழுதைக் குறைத்தல் வேண்டும் எனவும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. ஆயின் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 அகவையினருள் 100க்கு 81 பேர் அவ்வளவு இயங்கிலர்.

ஏடும் நூலும் பயிலும் நம் முதுகலை மாணவரின் வாழ்க்கை அவ்வோட்டுநரின் வாழ்க்கையையே ஒத்தது. பயிற்சி மிகுந்தோறும் அமர்வும் மிகும். அவர்தம் பாடவேளைகளுக்கிடையே எழுந்து உலாவவும், மாலையில் விளையாடவும் பொழுது ஒதுக்குதல் ஆசிரியராகிய நம் கடனாம்.