கள்ளக்குறிச்சிக்கு எத்தனை விசை?

"கள்ளக்குறிச்சி" என்று கணினியில் அடிக்க எத்தனை விசைகளைத் தட்ட வேண்டும்? எங்கள் ஊர்ப் பெயரை வைத்தே தமிழ் விசைப்பலகையின் வரலாற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் உளவியல். மனிதர் ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தக்கூடியது ஏறக்குறைய ஏழு விஷயங்கள்தான் என்று 1956ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பயன்படுத்துபவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் படத்தோடு கருவி பொருந்த வேண்டும் என்று 1988ல் டொனால்ட் நார்மன் விளக்கினார். மென்பொருள் வடிவமைப்பில் இன்றும் இவை அடிப்படைப் பாடங்கள்.

தமிழ் படித்தவர் மனதில் உள்ள படம் எது? ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. க் + ஒ = கொ.

பழைய தட்டச்சுப்பொறி இப்படி யோசிக்கவில்லை. அதில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். காதுக்கு ஒரே எழுத்து, கைக்கு மூன்று துண்டுகள்! இரும்பு எழுத்துகளைக் காகிதத்தில் அடிக்கும் இயந்திரத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று குழப்பம். 1997ல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. அதன் விளைவாகத் தமிழக அரசு 1999ல் ஏற்ற தரம்தான் தமிழ்99.

இதில் 247 எழுத்துக்கும் 31 விசைகள் போதும். உயிர்கள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-க்கு மேல் ஏ. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வை அடுத்துக் க வந்தாலும் அப்படியே.

இப்போது எண்ணுங்கள். க ள ள க க உ ற இ ச ச இ. மொத்தம் 11. மூன்று புள்ளிகள் இருந்தும் புள்ளிக்கென்று ஒரு தட்டுகூட இல்லை! ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் 13 எழுத்து; ள, ள, ற என்று மூன்று இடத்தில் ஷிஃப்ட் வேறு.

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லோர் கையிலும் இல்லை? அதற்கும் உளவியலிலேயே பதில் இருக்கிறது. கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது எளிது, நினைவிலிருந்து தேடி எடுப்பது கடினம். கடையில் வாங்கும் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துதான் அச்சிட்டிருக்கும். தமிழ்99 பழக 31 இடங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். தெரிந்த ஆங்கில எழுத்தின் மேல் விரல் போவது இயல்புதானே?

ஆனால் கைபேசியில் இந்தச் சாக்கு செல்லாது. அங்கே விசைகள் திரையில் வரையப்படுபவை. தமிழ் எழுத்து கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். 2013ல் ஐபோனிலேயே தமிழ்99 வந்துவிட்டது. இருந்தும் பழக்கம் விடவில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தன் ஊர்ப் பெயரை எழுத அவள் முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்க வேண்டுமா? அவளுக்குத் தெரிந்த அ, ஆ, க, ங போதும் என்று 1999லேயே முடிவாகிவிட்டது. அதை அவள் கையில் கொடுப்பதுதான் பாக்கி.

உங்கள் ஊர்ப் பெயருக்கு எத்தனை விசை? எண்ணிப் பாருங்களேன்!