ஓர் உணவகமும் ஒரு நூற்றாண்டும்

வரலாறு என்றதும் அரண்மனைகளும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே மாணவர் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், மக்கள் நாள்தோறும் கூடி உண்ணும் இடங்களும் வரலாற்றின் ஏடுகளே. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், பெத்னல் கிரீன் சாலையில் உள்ள பெல்லிச்சி உணவகம் அத்தகைய ஏடுகளுள் ஒன்று.

1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அச்சிறு கடையை இத்தாலியக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்துள்ளது. முகப்பில் மஞ்சள் நிறக் கண்ணாடிப் பலகைகள். உள்ளே நெருக்கமாக இடப்பட்ட மேசைகள். ஆங்கிலேயர் விரும்பும் பொரித்த முட்டையும் தேநீரும் ஒருபுறம். இத்தாலியரின் பாஸ்தா மறுபுறம். உழைக்கும் மக்களின் பசி தீர்த்த அக்கடை, 2005ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பெற்றது.

இத்தகைய கடைகள் தோன்றிய காரணத்தை அறிய, இத்தாலியர் அங்குக் குடியேறிய வரலாற்றை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமையால் தாயகம் நீங்கிய இத்தாலியர் பலர் இலண்டனின் கிளார்கன்வெல் பகுதியில் குடியேறினர். தெருவில் இசைக்கருவி இசைத்தும் பனிக்கூழ் விற்றும் பிழைத்தனர். 1863ஆம் ஆண்டில் புனித பேதுரு ஆலயம் அவர்களுக்காக அங்குத் திறக்கப்பட்டது. பின்னர், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு உணவுக் கடைகள் வைத்தனர். அண்டை அயலாரின் சுவையறிந்து சமைத்தனர். வேல்சு நாட்டின் சுரங்க ஊர்களிலும் அவர்தம் கடைகள் மக்கள் கூடும் மன்றங்களாயின.

அந்த உறவிற்கு 1940ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் பெருஞ்சோதனை வந்தது. அன்று முசோலினியின் இத்தாலி பிரிட்டன் மீது போர் தொடுத்தது. அன்றிரவே இலண்டனின் சோஹோவிலும், லிவர்பூல், எடின்பரோ முதலிய நகரங்களிலும் இத்தாலியர் கடைகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் முதுமொழி. நேற்று வரை உண்ட கடையின் மீது இன்று கல்லெறிந்தவர்களும் மனிதர்களே!

கும்பலின் சினம் ஓரிரு நாளில் அடங்கிற்று. அரசின் ஆணையோ தொடர்ந்தது. பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்குக் குறைவாக வாழ்ந்த, 16 முதல் 70 வயது வரையிலான இத்தாலிய ஆடவரைச் சிறைப்படுத்த ஆணை பிறந்தது. ஐயத்திற்குரியோர் எனப் பட்டியலிடப்பட்ட பிறரும் அவர்களோடு பிடிக்கப்பட்டனர். சமையற்காரரும் பரிமாறுநரும் கடைக்காரரும் ஒரே நாளில் பகைவராயினர். அவர்களுள் பலரையும் செருமானியக் கைதிகளையும் கனடாவிற்கு ஏற்றிச் சென்ற 'அரண்டோரா ஸ்டார்' கப்பலைச் சூலை 2ஆம் நாள் அயர்லாந்திற்கு அப்பால் செருமானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. மாண்டோர் எண்ணூற்றுவருக்கும் மேற்பட்டவர். அவர்களுள் இத்தாலியர் 440க்கும் மேற்பட்டவர். முசோலினியை எதிர்த்துப் பாடுபட்ட டெசியோ அன்சானியும் அவர்களுள் ஒருவர். பிறந்த நாட்டை மட்டும் நோக்கி மனிதரை எடைபோட்டதன் விளைவு இது.

எனினும், எஞ்சியோர் மீண்டும் அடுப்பு மூட்டினர். போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், அக்கிலே கப்போச்சி என்னும் தச்சர் பெல்லிச்சி உணவகத்தின் உட்சுவர்களை அழகிய மரவேலைப்பாட்டால் அணி செய்தார். 1949இல் சோஹோவில் 'பார் இத்தாலியா' என்னும் காப்பிக் கடை தோன்றியது. ஆயினும் இத்தாலிய உணவு ஆங்கிலேயர் பலருக்கு இன்னும் புதுமையாகவே இருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, சுவிட்சர்லாந்தில் ஸ்பகெட்டி மரத்தில் காய்ப்பதாகப் பிபிசி வேடிக்கையாக ஒளிபரப்பியது. அதனை மெய்யென நம்பி, மரம் வளர்க்கும் முறையைக் கேட்டவரும் உண்டு. அத்தகைய நாட்டில் பின்னாளில் ஸ்பகெட்டி வீட்டுச் சமையலாகவே ஆயிற்று.

ஓர் இனத்தின் உணவை விரும்பி உண்பது எளிது. நெருக்கடியில் அவ்வினத்தாரை அயலாராகக் கருதாதிருப்பதே அரிது. நெடுங்காலம் நிலைத்த ஓர் உணவகம் இவ்விரண்டையும் கண்ட சான்று. நம் மாணவரும் தத்தம் ஊரில் உள்ள பழைய உணவகம் ஒன்றை நாடிச் சென்று, அதனைத் தொடங்கியவர் யார், எங்கிருந்து வந்தார், எத்துன்பங்களைக் கடந்து நிலைத்தார் என வினவி எழுதுவாராக. பாடநூலில் இடம்பெறாத வரலாறு அங்கே அவர்களுக்குக் கிட்டும்.