இதய வால்வு அறுவை: நாள் குறித்த வரலாறு

இந்தியா போன்ற நாடுகளில் இளவயதினரின் இதய வால்வை அதிகம் கெடுத்தது ருமாட்டிக் காய்ச்சல். பிள்ளைப் பருவத்துத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் இந்தக் காய்ச்சல் தணிந்த பிறகும், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு வழி குறுகும். 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இருக்க வேண்டிய திறப்பு 1.5க்குக் கீழே போனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

பாஸ்டனில் 1923இல் எலியட் கட்லர், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு சிறுமியின் இதயத்துக்குள் சிறு கத்தியைச் செலுத்தி இவ்வழியைத் திறந்தார். அவள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். அடுத்து வந்தவர்கள் பிழைக்கவில்லை. 1925இல் லண்டனில் ஹென்றி சவுட்டர், இடது மேலறையின் காதுமடல் போன்ற பகுதி வழியே விரலை நுழைத்து வால்வைத் திறந்தார். நோயாளி பிழைத்தும், வேறு எவரையும் மருத்துவர்கள் அவரிடம் அனுப்பவில்லை. கோளாறு வால்வில் அல்ல, இதயத் தசையில்தான் என்பது அன்றைய நம்பிக்கை.

நான்கு நோயாளிகளை இழந்த பிறகு, 1948 ஜூனில் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி 24 வயதுப் பெண்ணைக் காப்பாற்றினார். சில நாட்களில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும் வென்றார். இதயம் துடிக்கும்போதே வால்வைத் திறப்பதால் இதய–நுரையீரல் இயந்திரம் தேவைப்படாத இந்த முறை வேலூர் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளில் நெடுங்காலம் கைகொடுத்தது. இந்தியாவில் 20 வயதுக்குள்ளேயே வால்வு கடுமையாகச் சுருங்குவதை 1963இல் சுஜாய் ராய் குழுவினர் எழுதினர்.

1960இல் ஸ்டார்–எட்வர்ட்ஸ் செயற்கை வால்வு வந்ததும் கணக்கு மாறியது. உலோக வால்வுக்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமைக்கான மாத்திரை வேண்டும். அது கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். விலங்குத் திசு வால்வோ இளம் உடலில் விரைவில் பழுதாகும். எனவே வால்வு மாற்றும் அறுவையை முடிந்தவரை தள்ளிப்போடுவது வழக்கமாயிற்று.

ஆனால் பெருந்தமனி வால்வு கசியும்போது, மூச்சிரைப்பு தெரியுமுன்பே இடது கீழறை தளர்ந்துவிடலாம். எக்கோ பரிசோதனை அதைக் காட்டியது. கீழறை சுருங்கிய நிலையிலும் 55 மி.மீ. அகலம் இருந்தால் காத்திருக்கலாகாது என்று 1980இல் ஓர் அளவுகோல் முன்வைக்கப்பட்டது. பிந்தைய நெறிமுறைகளில் அது 50 ஆனது. மைட்ரல் வால்வின் சுருக்கத்துக்கோ, ஜப்பானின் கான்ஜி இனோவே 1984இல் வெளியிட்ட பலூன் முறை, நெஞ்சைத் திறக்காமலே பல இளைஞர்களின் அறுவையைத் தள்ளிவைத்தது.

அறுவை உயிருக்கு ஆபத்தாக இருந்தவரை நாள் தள்ளிப்போனது. ஆபத்து குறையக் குறைய நாள் முன்னே வந்தது. ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, அது திரும்ப வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காக்கிறது.