வசூல் பதிவு (அமெரிக்கா)

அமெரிக்காவில் கடன் வசூல் முகமைகள், கட்டப்படாத நிலுவைகளை ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பது வசூல் பதிவு எனப்படும். வங்கியோ மருத்துவமனையோ நிலுவையை வசூலிக்க முகமையை அமர்த்தலாம். வாராக்கடன் என்று ஒதுக்கிச் சொற்ப விலைக்கு அதனிடமே விற்றும் விடலாம். முகமை அந்த விவரத்தை மெட்ரோ 2 என்னும் பொதுவான மின்வடிவத்தில் அனுப்புகிறது. பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. பதிந்தால் பிழையின்றிப் பதிய வேண்டும் என்பதே 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தின் நிலை. முதன்முதலில் தவணை தவறிய காலத்தை முகமை பதிந்த 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தவணை தவறியதிலிருந்து 180 நாட்கள் கழித்து ஏழாண்டுக் கெடு தொடங்கும்; கெடு முடிந்தபின் அந்தப் பதிவு அறிக்கையில் இருக்கக் கூடாது. கடன் எத்தனை கைமாறினாலும் கெடு புதிதாகத் தொடங்காது.

சட்டத்தின் கண்ணில் இது தகவல். நடைமுறையில் இதுவே வசூல் கருவி. வீட்டுக்கடன் விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது, தனக்குரியதல்லாத கடனானாலும் மறுத்துப் போராடுவதைவிடக் கட்டித் தொலைப்பது எளிது. இதை நம்பியே, சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமல் பதிந்துவிட்டு அவராகத் தேடிவரக் காத்திருக்கும் உத்தி பிறந்தது. இதன் தொடர்பில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2020இல் மிசௌரி மாநில முகமை ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்தது. அது 2.4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்றும், புகார் வந்து அது விசாரித்த கடன்களில் 80 முதல் 97 விழுக்காடு தவறானவை அல்லது செல்லாதவை என்றும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2021 நவம்பர் 30 முதல் நடப்பிலுள்ள, கடன் வசூலுக்கான கூட்டாட்சி விதித் தொகுப்பான ஒழுங்குமுறை எஃப் இந்த உத்தியைத் தடுக்கிறது: பதியுமுன் முகமை நேரிலோ தொலைபேசியிலோ பேச வேண்டும், அல்லது கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, அது போய்ச் சேராமல் திரும்புகிறதா என்று நியாயமான காலம், வழக்கமாக 14 நாட்கள், பொறுத்திருக்க வேண்டும்.

கடன் கொடுப்போருக்கு உண்மை நிலை தாமதமாகத் தெரியும் என்பது இதற்கு ஓர் ஆட்சேபம். ஏழாண்டு நிற்கும் பதிவுக்கு இரண்டு வாரம் பெரிதல்ல. மருத்துவக் கடன்களை ஓராண்டு கழித்தே காட்டுவதென 2022இல் மூன்று நிறுவனங்களும் தாமாகவே முடிவெடுத்தன. பிழையை மறுக்கும் உரிமை ஏற்கெனவே இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். மறுப்பை விசாரிக்க நிறுவனத்துக்குப் பொதுவாக 30 நாட்கள் உண்டு. அதற்குள் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், விசாரணையும் பெரும்பாலும் பதிந்த முகமையையே திரும்பக் கேட்பதாக முடிகிறது. ஆகவே காப்பு பதிவுக்கு முன்னால் இருப்பதே பொருத்தம். ஒழுங்குமுறை எஃப் அறிவிப்பைத்தான் கேட்கிறது, கடனுக்கான ஆதாரத்தைக் கேட்கவில்லை. சரிபார்க்கும் சுமை இன்னும் கடனாளியின் தலையில்தான் இருக்கிறது.